கார் இல்லாத கார்க் கம்பனி

கார் விற்பதற்கு வாய் இருந்தால் போதும். கார்க் கம்பனியின் கொள்கையை விற்பதற்கு வாயோடு தோலும் கொஞ்சம் தடிப்பாக இருக்கவேண்டும். நான் இரண்டையும் வைத்துக்கொண்டு பத்து வருடத்துக்கு மேலாக, ஒரு வெளிநாட்டுக் கார்க் கம்பனியின் யாழ்ப்பாணக் கிளையில் வேலை பார்க்கிறேன். என் பதவியின் பெயர் நீளமானது: வாடிக்கையாளர் உறவும் சமூகப் பொறுப்பும். என் மனிசன் அதைச் சுருக்கி, ‘ஏச்சு வாங்கிற உத்தியோகம்’ என்று சொல்வார். வங்கியிலோ காப்புறுதியிலோ ரெலிபோன் கம்பனியிலோ இருந்து, தலைமை அலுவலகம் அச்சடித்து அனுப்பிய பெரிய வார்த்தைகளை எங்கள் சனத்துக்கு முன்னால் நின்று வாசித்துப் பார்த்தவர்களுக்கு என் பாடு தெரியும். இதை அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

கிளையில் நாங்கள் பதினொரு பேர். மூன்று பேரை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். முகாமையாளர் நகுலன் சேர், குரலை உயர்த்தாமலே நினைத்ததை முடிப்பவர். தலைமை மெக்கானிக் பாலண்ணை கரவெட்டிக்காரர்; இயந்திரத்தைக் கண்டால் சிரிப்பார், மனிதரைக் கண்டால் சிரிப்பை நிறுத்திவிடுவார். விற்பனைக்கு டிலக்சன். அவன் பாலண்ணையின் தங்கச்சியைக் கட்டியவன். எங்கள் ஊரில் எந்த வேலைத்தலத்திலும் இப்படி ஒரு முடிச்சு இருக்கத்தான் செய்யும்.

ஐந்து வரி

கம்பனியின் கொள்கை கொழும்பிலிருந்து ஆங்கிலத்தில் வந்தது. அதைத் தமிழாக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஒரு கிழமை மண்டையைப் பிய்த்துக்கொண்டு ஐந்து வரி எழுதினேன். வாடிக்கையாளரே முதல். பாதுகாப்பில் விட்டுக்கொடுப்பு இல்லை. பழுதைக் கண்டவர் எவரும் வேலையை நிறுத்தலாம். ஊர் வளர நாமும் வளர்வோம். நாளைய பிள்ளைகளுக்கு நல்ல பூமி. நீல எழுத்தில் பெரிய பலகையாக அடித்து, ஷோறூம் வாசலுக்கு நேரே மாட்டினோம். மாட்டிய அன்று எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது. வருகிறவர் போகிறவர் எல்லோரையும் அந்தப் பக்கமாகவே கூட்டிக்கொண்டு போனேன்.

முதலில் நின்று முழுவதையும் வாசித்தவர், மானிப்பாயிலிருந்து பழைய காரைச் சேர்விசுக்குக் கொண்டுவந்த ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர். மிஷன் பள்ளிக்கூடத்தில் நாற்பது வருடம் கட்டுரை திருத்திய கண். மூக்குக் கண்ணாடியை மேலும் கீழும் நகர்த்தி இரண்டு தரம் வாசித்தார். பிழை பிடிக்கப் போகிறார் என்றே நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி உறைக்குள் வைத்தார்.

“எல்லாம் வடிவாத்தான் எழுதியிருக்கிறியள் பிள்ளை. ஆனால் உதிலை கார் எண்ட சொல்லு ஒரு இடத்திலையும் இல்லையே?”

பின் சீற்றுப் பொலிஸ்

சமூகப் பொறுப்பு என்று நான் முதலில் செய்தது பள்ளிக்கூடங்களுக்குப் போய் வீதிப் பாதுகாப்பு சொல்லிக் கொடுத்தது. பேச்சுப் பேசினால் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். அதனால் ஒரு விளையாட்டு வண்டியும் இரண்டு முட்டையும் கொண்டுபோவேன். ஒரு முட்டையை ரப்பர் வளையத்தால் வண்டியில் கட்டிவிடுவேன், மற்றதைச் சும்மா வைப்பேன். வண்டியைத் தள்ளிச் சுவரில் மோதவிட்டால், சும்மா வைத்த முட்டை நிலத்தில் கிடக்கும். அதற்குமேல் நான் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. முட்டை விலை ஏறியபிறகு இந்தச் செலவைக் கொழும்புக்கு விளங்கப்படுத்தியது வேறு கதை.

வடமராட்சிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இதைச் செய்து இரண்டு கிழமை இருக்கும். வங்கி உத்தியோகத்தர் ஒருவர் ஒயில் மாற்ற வந்தவர், நேரே என் மேசைக்கு வந்தார். முகம் நல்லாக இல்லை. மகள் மூன்றாம் வகுப்பாம். சீற் பெல்ற் போடாமல் அவர் கார்த் திறப்பைத் திருப்பினால், “அப்பா முட்டை, அப்பா முட்டை” என்று பின்னாலிருந்து கத்துகிறாளாம். கேற்றுக்கு வெளியே நிற்கும் காரைப் போர்ட்டிக்கோவுக்குள் விடுவதற்கும் பெல்ற் போடவேண்டுமாம். மாமியார் வீட்டுக்குப் போகும்போது மாமியாருக்கும் போட்டுவிட்டாளாம், அதில் வீட்டில் ஒரு சின்னச் சண்டையும் வந்ததாம். மன்னிப்புக் கேட்பதா சிரிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் பில்லுக்குக் கையெழுத்து வைத்துவிட்டுச் சொன்னார்:

“மிஸ், றோட்டிலை நிக்கிற பொலிசுக்கு ஏதும் கதை சொல்லித் தப்பலாம். நீங்கள் என்ரை பின் சீற்றிலை எல்லோ ஒராளை இருத்திவிட்டிருக்கிறியள்.”

ஏசி உள்ள மண்டபம்

பிறகு நாட்டில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். ஷோறூமில் நின்ற கடைசிக் காரும் போனது. கண்ணாடிச் சுவர், மினுங்கும் தரை, நீலப் பலகை, நான். அதிபர் சொன்னதுபோலக் கார் என்பது ஒரு இடத்திலும் இல்லை. சேர்விசுக்கு வருகிற வாகனங்களால் மட்டும் கிளையைத் தாங்கமுடியாது என்று கொழும்பில் கதைக்கத் தொடங்கினார்கள். நகுலன் சேர் எதையும் மறைக்கிற ஆள் இல்லை. எங்களைக் கூப்பிட்டு, கிளையை மூடுகிற யோசனை இருக்கிறது, தலைமை அலுவலகத்துப் பணிப்பாளர் ஒருவர் வந்து பார்த்து முடிவு சொல்வார் என்றார். அன்றைக்கு யாரும் மத்தியானச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவில்லை. என் வீட்டில் நிரந்தரச் சம்பளம் என்னுடையது ஒன்றுதான். டிலக்சனுக்குக் குழந்தை பிறந்து மூன்று மாதம். பாலண்ணைக்கு இந்த வேலைத்தலத்தை விட்டுப் போக மனம் வராது. பயமாக இருந்தது, அதை ஏன் ஒளிக்கவேண்டும்?

அந்தப் பயத்தோடு வெறும் ஷோறூமில் உட்கார்ந்திருந்த ஒரு காலை, பட்டுச்சேலையும் குடையுமாக ஒரு அம்மா உள்ளே வந்தார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு ஒரு வாடிக்கையாளர். டிலக்சன் சேர்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஓடிவந்தான். அம்மா அவனைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், கையை நீட்டிக் குளிர் எவ்வளவு என்று பார்த்தார். பிறகு அகலத்தை நடந்து அளந்தார்.

“தம்பி, இது சும்மாதானே கிடக்கு? மூத்தவளின்ரை கலியாணப் பதிவுக்கு ஒரு நாளைக்குத் தரமாட்டியளோ? மண்டபக்காரர் ஏசிக்கு வேறை காசு கேக்கிறாங்கள்.”

முழுச் சோதனை

அதற்குமேல் பெற்றோல் தட்டுப்பாடும் வந்தது. சேர்விசுக்கு வந்த வாகனங்களும் வரிசைகளில் நின்றுவிட்டன. யாழ்ப்பாணம் முழுக்கச் சைக்கிளில் ஏறியது. டொக்டர், நொத்தாரிசு, கிளாக்கர் எல்லோரும் சைக்கிள்தான். ஒருநாள் ஆஸ்பத்திரித் தாதி ஒருவர் ரயரில் காற்றுப் போனதென்று வாசலில் வந்து நின்றார். இரவு வேலை முடித்து வந்த முகம். எங்கள் வேலைத்தலத்தில் காற்றடிக்கிற மெசின் இருந்தது, கரண்டும் அப்போது இருந்தது. அடித்துக் கொடுத்தோம். அடுத்த நாள் ஆறு பேர் வந்தார்கள். அதற்கடுத்த நாள் வரிசை கேற்றைத் தாண்டியது.

பாலண்ணை முறைத்தார். “நான் கொம்பியூட்டர் வைச்சு எஞ்சின் பாக்கிறவன், சைக்கிள் கடைக்காரனில்லை” என்றார். நகுலன் சேர் எல்லோரையும் பலகைக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போனார். ‘ஊர் வளர நாமும் வளர்வோம்’ என்ற நாலாவது வரியை என்னை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். “ஊர் இப்ப சைக்கிளிலை போகுது. நாங்கள் எதிலை போறம்?” என்று மெதுவாகக் கேட்டார். அன்றிலிருந்து ஆஸ்பத்திரி வேலைக்காரருக்கும் ஆசிரியர்மாருக்கும் சைக்கிள் திருத்தம் இலவசம். என் மொழிபெயர்ப்பு ஒரு ஆளை அசைத்ததை அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன்.

ஆனால் பாலண்ணைக்கு ஒரு வேலையை அரைகுறையாகச் செய்யத் தெரியாது. காற்றடிக்க வந்த தாதியின் சைக்கிளைக் கார் தூக்குகிற உயர்த்தியில் ஏற்றினார். சில்லு நேரோ என்று பார்த்தார், செயினைக் கழற்றிக் கழுவினார். கார்ச் சில்லுக்கு நட்டு இறுக்குகிற அளவுச் சாவியால் சைக்கிள் நட்டை இறுக்கினார். கடைசியில் தானே ஏறி முற்றத்தை மூன்று சுற்று ஓடி, பிரேக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் கையில் கொடுத்தார். காற்றடிக்க வந்த பிள்ளைக்குப் பொழுது மத்தியானமாகிவிட்டது.

“அண்ணை, எங்கடை வாட்டிலை பெரிய டொக்டர்கூட இவ்வளவு சோதினை எழுதமாட்டார். எனக்கு ஒண்டும் இல்லையெண்டு ஒருக்காச் சொல்லிப்போட்டு விடுங்கோ.”

எதிர்க்கடை

எங்கள் பெருமை ஒரு கிழமைதான் நின்றது. வீதிக்கு அந்தப்பக்கம் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருக்கிற தவமண்ணை ஒருநாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். பெற்றோல் இல்லாத காலத்தில் ஊரில் ஒருவருக்காவது உழைப்பு வந்திருக்கிறதென்றால் அது அவருக்குத்தான். அதற்குள் நாங்கள் புகுந்துவிட்டோம். சமூகப் பொறுப்பு என்று பதவியில் பெயர் வைத்திருக்கிற எனக்கு இது தோன்றவே இல்லை.

நகுலன் சேர் கதிரையை இழுத்துப்போட்டு அவரை இருத்தி, பிளேன்ரீ கொடுத்துக் கேட்டார். பிறகு ஒழுங்கு இப்படியானது: ஆஸ்பத்திரிக்காரருக்கும் ஆசிரியர்மாருக்கும் மட்டும், காலை இரண்டு மணித்தியாலம் எங்களிடம். ரியூப், செயின், பிரேக் கட்டை எல்லாம் தவமண்ணையிடமே காசு கொடுத்து வாங்குவோம். மற்ற யார் வந்தாலும் கையைக் காட்டி எதிர்க்கடைக்கு அனுப்புவோம். அவர் ஓம் என்று தலையாட்டினார். எழும்பும்போது பலகையைப் பார்த்தார்.

“சேர், ஊர் வளர நீங்களும் வளருங்கோ, நான் வேண்டாமெண்டு சொல்லேல்லை. அந்த ஊருக்குள்ளைதான் நானும் இருக்கிறன் எண்டதை மட்டும் மறந்துபோடாதையுங்கோ.”

பணிப்பாளர் வந்த விதம்

மூடுவதா வேண்டாமா என்று முடிவு சொல்லப் பணிப்பாளர் வந்தார். கொழும்புத் தமிழர், அளந்து கதைப்பவர். பெற்றோல் இல்லாததால் ரயிலில் வந்தார். ஸ்டேஷனில் ஓட்டோவும் இல்லை. கார்க் கம்பனியின் பணிப்பாளரை எதில் கூட்டிக்கொண்டு வருவது? டிலக்சன் தன் சைக்கிளைக் கொண்டுபோய், பின் கரியரில் துவாயை மடித்துப் போட்டு, அவரை டபிள் ஏற்றிக்கொண்டு வந்தான். வாசலில் அந்தக் காட்சியைப் பார்த்த எனக்கு, எங்கள் பதினொரு பேரின் சோறும் இன்றோடு சரி என்றுதான் தோன்றியது.

அவர் இறங்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். முற்றத்தில் சைக்கிள் வரிசை. அவர் முகம் கறுத்தது. கம்பனியின் பெயர்ப் பலகைக்குக் கீழே செயினுக்குக் கிறீஸ் பூசிக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் கறுக்காது? ஆனால் வரிசையில் நின்றவர்கள் அவரை விடவில்லை. எங்கள் ஆள் என்று தெரிந்ததும், ஒரு ஆசிரியை தான் ஒருநாளும் பாடத்துக்குப் பிந்தாமல் போகிற கதையைச் சொன்னார். ஒரு தாதி இரவு வேலைக்குப் பயமில்லாமல் போகிற கதையைச் சொன்னார். பணிப்பாளர் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டார். பிறகு கிறீஸ் டப்பாவை எடுத்துப் பாலண்ணையிடம் நீட்டிக்கொண்டு நின்றார். மூடுகிற கதையை எப்போது தொடங்குவீர்கள் என்று நகுலன் சேர் தானே கேட்டார், அவருக்கும் பொறுமைக்கு ஒரு எல்லை உண்டு. பணிப்பாளர் திரும்பிப் பார்க்காமல் பதில் சொன்னார்.

“இறக்குமதி திறக்கும் வரைக்கும் பொறுப்போம், நகுலன். திறந்தவுடன் முதல் காரை ஒழுங்காக விற்றுக் காட்டுங்கள். அது பிழையாகப் போனால் என்னால் ஒன்றும் செய்யமுடியாது.”

மாலைக்குப் பக்கத்தில்

காலம் இழுத்துக்கொண்டு போய், ஒரு வழியாக இறக்குமதி திறந்தது. முதல் கார் வந்தது. வாங்கியவர் கொடிகாமம் சந்தையில் மொத்தமாகத் தேங்காய் விற்கிற மகேந்திரம் முதலாளி. பார்க்க வந்த அன்று கார்க் கதவில் காதை வைத்து இரண்டு தட்டுத் தட்டிக் கேட்டுவிட்டுத்தான் சரி என்றார். ஒப்படைக்கிற நாளுக்குச் சுபநேரம் பார்த்து, ஐயரையும் கூட்டிக்கொண்டு குடும்பத்தோடு வந்தார். பணிப்பாளரும் கொழும்பிலிருந்து வந்திருந்தார். நீற்றுப்பூசணி, சாம்பிராணி, நாலு சில்லுக்குக் கீழும் நாலு தேசிக்காய். பூமாலை போட்ட முகப்போடு கார் நின்ற வடிவைப் பார்க்க எனக்குக் கண் கலங்கியது.

டிலக்சனும் தன் பங்குக்கு ஒன்று செய்திருந்தான். எங்கள் ஊரில் புதுக் கார் என்றால் சீற்றுக்குச் சட்டை போடாமல் விடமாட்டார்கள். சீற்று அழுக்காகக் கூடாது, சட்டை அழுக்காகலாம். தன் கைக்காசில் நகரத்தில் சிவப்பு றெக்சினில் மஞ்சள் கரை வைத்துத் தைப்பித்து, முதல் நாள் பின்னேரமே இழுத்து இறுக்கிப் போட்டுவிட்டிருந்தான். முதலாளியின் மனைவி அதைத் தடவித் தடவிப் பார்த்தார். டிலக்சனின் முகத்தில் அப்படியொரு சந்தோசம்.

கடைசிப் பார்வைக்குக் கதவைத் திறந்த பாலண்ணை அப்படியே நின்றுவிட்டார். நான் கிட்டப் போனேன். இந்த மொடலில் பக்கவாட்டு எயர்பாக், மோதும்போது ஊதி ஆளைக் காக்கிற காற்றுப் பை, சீற்றுக்குள்ளேயே இருக்கிறது. கார் மோதினால் சீற்றின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டு அது வெளியே வரவேண்டும். தடித்த றெக்சின் ஓரத்தை மூடித் தைத்திருந்தால் வராது. பாலண்ணையின் சட்டைப் பையில் சிவப்பு அட்டை இருந்தது. மூன்றாவது வரிக்காகக் கம்பனி கொடுத்தது. பழுதைக் கண்டவர் அதைக் கண்ணாடியில் மாட்டினால், அதைக் கழற்றும்வரை கார் அசையக் கூடாது. அட்டை வந்து எத்தனையோ வருடமாகியும் எங்கள் கிளையில் ஒருவரும் மாட்டியதில்லை. வேலை செய்தவன் ஒன்றில் மச்சானாக இருப்பான், இல்லாவிட்டால் சம்பந்தியாக இருப்பான். அவனுடைய வேலையைச் சபையில் பழுதென்று எப்படிச் சொல்வது? இங்கேயோ தங்கச்சியின் புருசன். பாலண்ணை அட்டையை எடுத்தார், பிறகு விரலால் தடவிக்கொண்டே நின்றார்.

டிலக்சன் கண்டுவிட்டான். “என்ன மச்சான்?” என்று கேட்டான். பாலண்ணை இரண்டே வசனத்தில் சொன்னார். டிலக்சன் காரைப் பார்த்தான், பணிப்பாளரைப் பார்த்தான், சில்லுக்குக் கீழே இருந்த தேசிக்காயைப் பார்த்தான். முதல் கார் பிழையாகப் போனால் கிளை இல்லை என்பது அவனுக்குத் தெரியாதா? பாலண்ணையின் கையிலிருந்த அட்டையை வாங்கி, மாலைக்குப் பக்கத்தில் கண்ணாடியில் தானே மாட்டினான். பிறகு எல்லோருக்கும் கேட்க, “நான் போட்ட சட்டை பிழை. இதோடை கார் தரேலாது” என்றான். அந்த நேரத்தில் அவனை என் கூடப்பிறந்தவன் என்று சொல்லிக்கொள்ள ஆசைப்பட்டேன்.

முதலாளி வெடித்தார். “என்ன விளையாட்டே? நல்ல நேரம் போகுது!” பணிப்பாளரும் வாயைத் திறந்தார், பிறகு பலகை கண்ணில் பட்டதோ என்னவோ, மூடிவிட்டார். நகுலன் சேர் ஐயரிடம் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கேட்டார். அரை மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் குறைவு என்றார் ஐயர். சட்டையை இறுக்கிக் கட்டிய நூல் ஒன்றும் கையால் அறவில்லை. பூசணிக்காய் வெட்ட வைத்திருந்த கத்தியை ஐயரே எடுத்துத் தந்தார். பாலண்ணை அறுத்தார், டிலக்சன் இழுத்தான், நானும் பணிப்பாளரும் சீற்றுக்கடியில் தலையை விட்டுக் கொளுக்கி கழற்றினோம். முதலாளியின் மனைவி, “அந்தச் சிவப்பு எவ்வளவு வடிவா இருந்தது” என்று கடைசிவரை சொல்லிக்கொண்டே நின்றார். சட்டை முழுக்கக் கழன்று, பாலண்ணை ஓரம் முழுவதையும் கையால் தடவிப் பார்த்து, அட்டையை எடுத்தபோது ஐயர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு மணியைக் கிலுக்கத் தொடங்கிவிட்டார். தேசிக்காய் நாலும் நசிந்தன. கார் வீதிக்கு இறங்கி நின்றது.

முதலாளி பெல்ற்றை இழுத்துப் போட்டார். பிறகு கண்ணாடியை இறக்கி டிலக்சனைக் கூப்பிட்டார். இனி என்ன ஏச்சோ என்று நாங்கள் எல்லோரும் கிட்டப் போனோம்.

“தம்பி, நான் தேங்காய் யாவாரி. தட்டிப் பழுதெண்டு கண்டால் சத்தம் போடாமல் சாக்குக்கு அடியிலைதான் போடுவன். நீ என்னெண்டால் ஐயரையும் பெண்சாதியையும் வைச்சுக்கொண்டு உன்ரை பழுதை நீயே தட்டிக் காட்டுறாய். மேளுக்கு ஒரு கார் எடுக்க யோசிச்சிருக்கிறன், வாற கிழமை கூட்டியாறன். அதுக்குச் சட்டை தைக்காதை.”

மகளுக்கும் எடுத்தார், சந்தையில் இன்னும் மூன்று பேருக்குச் சொல்லி அனுப்பினார், பணிப்பாளர் மூடுகிற கதையை அதன்பிறகு எடுக்கவே இல்லை. ஐந்து வரிக் கொள்கையை எழுத எனக்கு ஒரு கிழமை போதும், அதில் ஒரு வரியையாவது உண்மையாக்க எங்களில் ஒருவன் தன் கைக்காசில் தைப்பித்த சட்டையைக் கிழிக்க வேண்டியிருந்தது என்பதைத்தான் சமூகப் பொறுப்பு அறிக்கையில் எந்தத் தலைப்பின் கீழ் போடுவதென்று இன்னும் தெரியவில்லை.